அடுப்பில் இரண்டு பேர்

கோர்ட்டுக்குப் போகிற நாளில் மட்டும்தான் பெரியவன் சட்டை போடுவான். மற்ற நாளெல்லாம் பனியன்தான். ரொட்டி அடுப்புக்கு முன்னால் நிற்கிறவனுக்குச் சட்டை எதற்கு? தம்பிக்காகப் போட்ட மேல்முறையீடு அதுவரை எட்டு முறை தள்ளிப்போயிருந்தது. எட்டு முறையும் அதே நீலச் சட்டை. போட்ட மடிப்புக் கலையாமல் வீடு திரும்பிய சட்டை.

அன்றைக்கு ஒன்பதாவது வாய்தா. பத்தரைக்குப் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். பன்னிரண்டு தாண்டி வக்கீலம்மா வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா?"

"ஒரு நீதிபதிக்குக் காய்ச்சல்."

"போன தடவை அரசாங்க வக்கீலுக்குக் காய்ச்சல்."

"ஆமா."

"அதுக்கு முந்தி மழை."

"எல்லாத்தையும் நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க."

"எனக்கு வேற என்னம்மா இருக்கு ஞாபகம் வெச்சுக்க?"

வக்கீலம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். பென்சிலை எப்போதும் காதில் செருகியிருப்பார். ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனாலேயே பெரியவனுக்கு அவரைப் பிடித்திருந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் ஆபீசுக்கு வாங்க," என்றார். "தனியா வாங்க."

பெஞ்சின் மறுமுனையில் செத்துப்போன வேன்காரனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் ஒரு வாய்தா விடாமல் வருகிறவள். முதல் இரண்டு வருடம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூன்றாம் வருடம் ஒருநாள் அவளுக்கு மயக்கம் வந்தது. இவன்தான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். அதற்குப் பிறகு பேச்சு வந்தது.

"இன்னைக்கும் இல்லியாமா?"

"இல்லியாம்மா."

"இந்த வெயில்ல வரச்சொல்லி இழுத்தடிக்கிறானுங்க. உன் தம்பியத் தூக்குல போடு, இல்ல வெளிய விடு. ஏதாச்சும் ஒண்ணு செஞ்சு தொலைங்கடா." சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் தள்ளினாள். "குடி. காய்ச்சின தண்ணிதான், ஆறிப்போயிருக்கும்."

அவன் குடித்தான்.

*

நடந்தது இதுதான்.

பெரியவனும் அவன் தம்பி சின்னவனும் ஒரே பேக்கரியில் ஒரே அடுப்பில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர்கள். விறகு அடுப்பு. செங்கல் வைத்துக் கட்டிய குகை. உள்ளேயே விறகை அடுக்கி இரண்டு மணி நேரம் எரிய விட வேண்டும். பிறகு நீளமான இரும்புக் கோலால் தணலையும் சாம்பலையும் வெளியே இழுத்துவிட்டு, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, ஒரு பிடி மாவை உள்ளே வீசிப் பார்க்க வேண்டும். உடனே கருகினால் சூடு அதிகம். பத்து எண்ணுவதற்குள் பொன்னிறமானால் சரி. அப்புறம் அறுபது தகர அச்சையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் நாற்பது நிமிடம். இறக்கும்போது ஒருவன் அடுப்பு வாயில் நின்று துடுப்பால் இழுப்பான். மற்றவன் மேசையில் அச்சைக் கவிழ்த்து ரொட்டியைத் தட்டுவான். ஜோடி இல்லாமல் அடுப்பு ஓடாது.

அந்த நாற்பது நிமிடம் இரண்டு பேரும் அடுப்பை விட்டு நகரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். நகர்ந்தது தெரிந்தால் அன்றோடு வேலை போச்சு. ஆனால் நாற்பது நிமிடம் சும்மா நிற்பது யாரால் முடியும்? ஒருவன் முடிவெட்டப் போவான். ஒருவன் மாவு மூட்டைமேல் படுத்து ஒரு குட்டித் தூக்கம் போடுவான். மற்றவன் பார்த்துக்கொள்வான். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்: "அடுப்புல இருக்கான்." முதலாளி கேட்டாலும் அதுதான், பெண்டாட்டி கேட்டாலும் அதுதான். ஊரில் அடுப்பு வேலை பார்க்கிற எல்லோருக்கும் தும்மல் மாதிரி வருகிற வார்த்தை அது. போகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்பதும் வழக்கமில்லை. தெரியாமல் இருந்தால்தான் கூசாமல் சொல்ல முடியும்.

அன்றைக்கு மூன்றே கால் மணிக்கு அச்சுகளை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். சின்னவன் முகம் கழுவினான். தலை வாரினான்.

"அண்ணே, அரை மணி நேரம். ஓடி வந்துடுறேன்."

"போ."

பின்வாசல் வழியாகப் போனான். அரை மணி ஆயிற்று, நாற்பது நிமிடம் ஆயிற்று, ஆள் வரவில்லை. பெரியவன் தனியாகவே இறக்கினான். இழுத்துவிட்டு மேசைக்கு ஓடி, தட்டிவிட்டு அடுப்புக்கு ஓடி, கடைசி வரிசையில் ஓர் அச்சு சரிந்து, அதைப் பிடிக்கப் போன கை அடுப்பு வாய் இரும்பில் ஒட்டிக்கொண்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. நாலு மணிக்கு மேல் சின்னவன் மூச்சு வாங்க வந்து, "கோவிச்சுக்காதே," என்று மட்டும் சொல்லிவிட்டு ரொட்டிகளை அடுக்க ஆரம்பித்தான்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதலாளி கத்தினார். ரொட்டி ஏற்ற வந்த வேன் பின்சந்தில் நிற்கிறது, டிரைவரைக் காணோம். தேடினார்கள். விறகுக் கொட்டகைக்குப் பின்னால் மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் அடுப்பு இழுக்கிற இரும்புக் கோல். ஆறுவதற்காகப் பின்வாசலுக்கு வெளியே சாத்தி வைக்கிற கோல்.

போலீஸ் வந்தது. ஒரு போலீஸ்காரர் நோட்டை விரித்துக்கொண்டு பெரியவனிடம் கேட்டார்: "மூணு மணிலேர்ந்து ரெண்டு பேரும் எங்கே இருந்தீங்க?"

சின்னவன் அப்போது குழாயடியில் இருந்தான். முதலாளி பக்கத்தில் நின்றார்.

"அடுப்புலதாங்க. ரெண்டு பேரும். நகரவே இல்லை."

யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்திருந்தால் அவனே இத்தனை வருடம் தன்னைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டான். அது யோசிக்காமல் வந்தது. சின்னவன் வந்ததும் அதையே கேட்டார்கள். அவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். அதையே சொன்னான்.

மறுநாள் சந்து முனை டீக்கடைக்காரி, மூன்றரை வாக்கில் சின்னவன் தலை வாரிக்கொண்டு போனதையும் நாலு மணிக்கு மேல் ஓடி வந்ததையும் பார்த்ததாகச் சொன்னாள். முந்தின நாள் வேன்காரன் வண்டியைப் பின்னால் எடுத்துச் சின்னவனின் சைக்கிளை நசுக்கிவிட்டான். "உன்னைத் தூக்கி அடுப்புல போட்டுருவேன்டா" என்று சின்னவன் கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. பேக்கரியில் ஒரு நாளைக்குப் பத்து முறை பத்து பேர் சொல்கிற வசவு. கோலில் சின்னவனின் கைரேகை. பதினோரு வருடம் பிடித்த கோலில் ரேகை இல்லாமல் இருக்குமா?

கொன்றதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் சண்டை ஒன்று, சந்தில் பார்த்தது ஒன்று, கோல் ஒன்று. மூன்றையும் கட்டுவதற்குக் கயிறாக அந்தப் பொய். 'குற்றமற்றவர் தான் இருந்த இடம் குறித்துப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?' என்று கீழ்க்கோர்ட்டு எழுதியது. அப்போது இருந்த வக்கீல், "சொன்னதையே சொல்லுங்க, மாத்தினா மாட்டிக்குவீங்க," என்று சொல்லியிருந்தார். பெரியவன் ஆறாம் சாட்சியாகக் கூண்டில் ஏறிச் சொன்னதையே சொன்னான். சின்னவனுக்கு ஆயுள் தண்டனை.

*

வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேசை நடுங்கும்.

"உங்க தம்பி உள்ளேயிருந்து எழுதியிருக்கார். அன்னைக்கு எங்கே போனார்னு இப்பத்தான் சொல்றார்."

பெரியவன் நிமிர்ந்தான். ஐந்து வருடத்தில் இதை அவன் தம்பியிடம் கேட்டதில்லை. முதலில் வழக்கத்தால். அப்புறம் பயத்தால்.

"பஸ் நிலையத்துக்குப் பின்னால புதுசா ஒரு பேக்கரி வந்துச்சே, கரண்ட் அடுப்பு வெச்சு. அங்கே மேஸ்திரியைப் பார்த்து வேலை கேட்டிருக்கார்."

பெரியவன் கடிதத்தை எட்டிப் பார்த்தான். பிறகு, "எனக்கும் சேர்த்தா கேட்டான்?" என்றான்.

வக்கீலம்மா கடிதத்தைத் திருப்பி ஒருமுறை படித்தார். "இல்லை. அவருக்கு மட்டும்தான்."

"அந்த மேஸ்திரியக் கூப்பிட்டு..."

"செத்து ரெண்டு வருஷமாச்சு. கடையையும் மூடியாச்சு."

"அப்ப நான் வந்து சொல்றேன். நான் பொய் சொன்னேன், அவன் வெளியே போயிருந்தான்னு சொல்றேன். பொய்ச்சாட்சின்னு என்னை உள்ள வெச்சா வெக்கட்டும்."

"மேல்கோர்ட்டுல புதுசா யாரையும் கூண்டுல ஏத்த மாட்டாங்க." வக்கீலம்மா எதிரே இருந்த காகிதக் கட்டைத் தட்டினார். "அவங்களுக்கு உலகம்னா இந்தக் கட்டுதான். இதுக்குள்ள நீங்க பொய் சொன்னது இருக்கு. உண்மை சொன்னது இல்லை. கூடுதல் சாட்சியம்னு போன மாசம் மனு போட்டேன். முன்னாடியே ஏன் சொல்லலைன்னு ஒரே வரியில தள்ளிட்டாங்க."

பெரியவன் முன்னங்கையை மேசைமேல் நீட்டினான். "இதைப் பாருங்க. தனியா இறக்கினதுல பட்டது. அவன் கூட இருந்திருந்தா இது பட்டிருக்குமா?"

"இதை அப்போ யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"அடுப்புக்காரன் கையில சூட்டுத் தழும்பு இருக்குன்னு யார்கிட்டம்மா போய்க் காட்டுறது?"

வக்கீலம்மா அந்தக் கையில் இருந்த மற்ற தழும்புகளைப் பார்த்தார். ஏழெட்டு இருக்கும். தலையசைத்தார்.

"சரி, இப்போ நான் சொல்றதைக் கேளுங்க. பார்த்த சாட்சி இல்லாத கேஸ் இது. அப்படின்னா இந்த ஆளைத் தவிர வேற யாராலயும் செஞ்சிருக்க முடியாதுன்னு அவங்க காட்டணும். வேற ஒருத்தர் செஞ்சிருக்கலாம்னு இந்தக் கட்டை வெச்சே நான் காட்டிட்டா, சங்கிலி அறுந்துச்சு."

"யாரு அந்த வேற ஒருத்தன்?"

வக்கீலம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். மேசை நடுக்கத்தில் அது உருண்டது. பிடித்தார்.

"அடுப்புல ரெண்டு பேர். ஒருத்தர் வெளியே போயிட்டார்னு அரசாங்கமே சொல்லுது. அப்போ மிச்சம் ஒருத்தர் தனியா இருந்திருக்கார். கோல் அவர் கைக்கு எட்டுற தூரத்துல. பொய்யை முதல்ல சொன்னதும் அவர்தான். கோல்ல அவர் ரேகையும் இருக்கு. போலீஸ் அவரை மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கலை. ஏன்?"

"ஏன் கேக்கலை?" என்றான் பெரியவன், வேறு யாரையோ பற்றிக் கேட்பது போல. பிறகுதான் புரிந்தது.

"நான் செய்யலைம்மா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது. நம்புறேன். கோர்ட்டுக்கு அது தேவையில்லை." பென்சிலை மறுபடி காதில் செருகினார். "உங்க தம்பியை வெளியே கொண்டு வர இது ஒரு வழிதான் பாக்கி. நீங்க வேண்டாம்னா நான் பேச மாட்டேன். சரின்னா, திரும்ப விசாரிக்கிறேன்னு போலீஸ் உங்க பக்கம் வரலாம், வராமலும் போகலாம். பேர் கண்டிப்பா கெடும். யோசிச்சுச் சொல்லுங்க."

*

வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் பெரியவனும் அவன் மனைவியும், ஒன்றில் சின்னவன் மனைவி. இரண்டு பெண்களும் பேக்கரி முன்கட்டில் ரொட்டிக்குக் காகிதம் சுற்றுகிற வேலைக்குப் போகிறவர்கள். பெரியவன் வந்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

முதலில் பேசியது அவன் மனைவி.

"நல்லா இருக்கே கதை. தம்பிய வெளிய எடுக்க வக்கீல் வெச்சா, அண்ணன உள்ள அனுப்புறாங்களா? அந்தம்மாவுக்கு யாரு வக்கீல், நாமளா, போலீசா?"

"உள்ள அனுப்புறேன்னு சொல்லல. காட்டுறேன்னு சொன்னாங்க."

"காட்டுறாங்களாம்! நீங்க என்ன பொம்மையா, காட்டுறதுக்கு? நாளைக்கு அந்த டீக்கடைக்காரி, 'அப்பவே எனக்குத் தெரியும்'னு ஆரம்பிப்பா. எவன் எதைச் சொன்னாலும் தெரியும்பா அவ."

சின்னவன் மனைவி கத்தியை நிறுத்தாமல் உரித்துக்கொண்டே இருந்தாள்.

"நீ என்னம்மா சொல்றே?" என்று பெரியவன் கேட்டான்.

"நான் என்ன மாமா சொல்றது."

"சொல்லு."

"சொன்னா அக்காவுக்குக் கோவம் வரும்."

"எனக்கு இப்பவே கோவம்தான், நீ சொல்லு," என்றாள் பெரியவன் மனைவி.

சின்னவள் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பொய் ஒருத்தரைக் காப்பாத்தச் சொன்னது இல்ல மாமா. ரெண்டு பேரும் அடுப்புல இருந்தோம்னு சொன்னீங்க. அவருக்கு நீங்க சாட்சி, உங்களுக்கு அவரு சாட்சி. அவரு பக்கம் பொய்யின்னு ஆயிடுச்சு. உங்க பக்கம் மட்டும் அஞ்சு வருஷமா நிக்குது. இதை நான் இன்னைக்கு யோசிக்கல."

"அடிப்பாவி! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு..."

"அக்கா, நான் மாமா செஞ்சாருன்னு சொல்லல. எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்றேன். என் வீட்டுக்காரரு எங்கே போனாருன்னே எனக்குத் தெரியல. சளி சளின்னு இருமுறீங்களே, புகை இல்லாத வேலையா பாருங்கன்னு நான்தான் நச்சரிச்சேன். அதுக்குத்தான் போயிருக்காரு. அதுவே இன்னைக்கு இவரு சொல்லித்தான் தெரியுது. இந்த வீட்டுல யாரு எதை யாருகிட்ட கேட்டிருக்கோம்?"

பெரியவன் மனைவி வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். கொல்லைக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தாள். வந்து நின்று கணவனிடம், "என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

"சரின்னு சொல்லப் போறேன்."

"இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு, அதான் முடிவு பண்ணிட்டுத்தானே வந்தீங்க," என்றவள் அடுப்பைப் பற்றவைத்தாள். முட்டையை உடைத்து ஊற்றினாள். மூன்று பேரும் ரொட்டியும் முட்டையும் தின்றார்கள்.

*

சிறையில் பார்ப்பதற்குக் கால் மணி நேரம். இரட்டைக் கம்பி வலை. அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். எந்த ரகசியத்தையும் தொண்டை கிழியத்தான் சொல்ல வேண்டும்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"என்ன?"

"வேற பேக்கரிக்கு வேலை கேட்டுப் போனியாமே!"

சின்னவன் முகம் கோணியது. "எழுதினதைச் சொல்லிட்டாங்களா?"

"அவன் வேலை குடுக்கிறேன்னானா?"

"யோசிச்சுச் சொல்றேன்னான்."

பெரியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்னதுக்கு ஆயுள் தண்டனை வாங்கினவன் நீ ஒருத்தன்தான்டா."

"எனக்கு அப்போ நெஞ்சுல சளி, அண்ணே. புகை ஒத்துக்கல."

"எனக்கு மட்டும் என்ன, நெஞ்சுல தகரமா அடிச்சிருக்கு? என்னையும் கூப்பிட்டா என்ன?"

"நீ வருவியா? நீ அந்த அடுப்பை விட்டு வருவியா?"

"கேட்டாத்தானேடா தெரியும்!"

பக்கத்தில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக் காட்டி அழுதாள். அது அடங்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"அப்பவே போலீஸ்ல சொல்லியிருக்கலாமேடா. ஒரு வாரத்துக்குள்ள சொல்லியிருந்தாக்கூட அந்த மேஸ்திரி உசிரோட இருந்தான்."

"ரெண்டு நாள்ல விட்டுருவாங்கன்னு நெனச்சேன். இதுக்குப் போய் உன்னை விட்டுட்டுப் போறேன்னு உனக்குத் தெரியணுமான்னு நெனச்சேன். அப்புறம் வக்கீலு மாத்தக் கூடாதுன்னுட்டாரு. அப்புறம் மாத்தினா நீ பொய்யன்னு ஆயிடும்."

"இப்ப மட்டும் நான் அரிச்சந்திரனா?"

சின்னவன் வலையைப் பிடித்துக்கொண்டான். விரல் நுனியெல்லாம் மாவு காய்ந்திருந்தது. சிறைச் சமையல்கட்டில் போட்டிருந்தார்கள். "உள்ளே ரொட்டிங்கிற பேருல செங்கல் சுடுறாங்க, அண்ணே. மாவு பொங்கறதுக்குள்ள உள்ள தள்ளிடுறான். சொன்னா, நீ கைதியா மேஸ்திரியான்னு கேக்குறான்."

"வக்கீலம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

"எதுக்குச் சரின்னே?"

பெரியவன் சொன்னான். கத்திச் சொன்னான். பக்கத்திலிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? போய் வேணாம்னு சொல்லு. உள்ளே ஒருத்தன் போதும்."

"உள்ளே இருக்க வேண்டியது நீ இல்லையேடா."

"நீயும் இல்லை!"

மணி அடித்தது. காவலர் ஒவ்வொருவராகத் தோளைத் தட்டினார். சின்னவன் ஏதோ கத்தினான். இருபது குரலில் அது கேட்கவில்லை.

*

பத்தாவது வாய்தாவில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு நீதிபதிகள். பெரியவன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அதே வரிசையில் வேன்காரனின் அம்மா, நடுவில் அவள் பை.

வக்கீலம்மா அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆறாம் சாட்சி என்றுதான் சொன்னார். ஆறாம் சாட்சிக்குக் கோல் வைத்திருக்கும் இடம் தெரியும். ஆறாம் சாட்சி நாற்பது நிமிடம் தனியாக இருந்திருக்கிறார். ஆறாம் சாட்சிதான் போலீசிடம் முதலில் வாயைத் திறந்து பொய் சொன்னவர். அந்தப் பொய்யால் இன்றுவரை பலன் அடைந்தவர் அவர் ஒருவரே. நிறுத்தி நிதானமாகப் பேசினார். கேட்கக் கேட்க அந்த ஆறாம் சாட்சி பெரியவன் கண் முன்னாலேயே ஓர் ஆளாகத் திரண்டான். கதவைச் சாத்திவிட்டுப் பின்வாசலுக்கு வந்தான். கோலை எடுத்தான். பெரியவனுக்கே அவன்மேல் சந்தேகம் வந்தது.

ஒரு நீதிபதி கேட்டார்: "இறந்தவரோடு அவருக்கு என்ன விரோதம்?"

"விசாரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், ஐயா. விசாரிக்கலைங்கறதுதான் என் வாதம்."

விரோதமா? ஒரு டீயை இரண்டு கிளாசில் ஊற்றிக் குடித்தவர்கள் அவனும் வேன்காரனும். எழுந்து அதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் தம்பி உள்ளேதான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. தீர்ப்பு பின்னால் சொல்வதாக எழுந்து போனார்கள்.

வராந்தாவில் வேன்காரனின் அம்மா அவன் எதிரே வந்து நின்றாள். அவள் தலை அவன் மார்பளவுதான் இருந்தது.

"அந்தப் பொம்பளை சொல்றது உன்னையா?"

"ஆமாம்மா."

"நெசமா?"

"இல்லம்மா."

"பின்ன ஏன் சொல்லுது? உன் வக்கீல்தானே அது?"

அவன் வாயைத் திறந்தான். எதைச் சொன்னாலும் அது இன்னொரு சாட்சி சொல்வது போல இருக்கும். மூடிக்கொண்டான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "ரெண்டு வருஷமா உனக்குத் தண்ணி குடுத்தேன்," என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

*

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வக்கீலம்மா நகலைக் கொடுத்துவிட்டு, "ஜெயிச்சாச்சு," என்றார். கை குலுக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு ஊரை விட்டு எங்கேயும் போகாதீங்க. ஓடிப்போனான்னு சொல்லுவாங்க."

சின்னவன் மனைவி பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவள். வீட்டில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். சங்கிலி முழுமை பெறவில்லை என்றும், சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்வதாகவும் முதலில் படித்தபோது அழுதாள். அப்புறம் இருபத்து மூன்றாம் பக்கம் வந்தது. 'ஆறாம் சாட்சி நம்பத்தக்கவர் அல்லர். சம்பவ நேரத்தில் அவரது நடமாட்டம் விளக்கப்படவில்லை. இச்செயலை அவர் செய்திருக்கக்கூடும் என்ற வாய்ப்பை அரசுத் தரப்பு விலக்கிக் காட்டவில்லை.' அந்த இடத்தில் அவள் குரல் தாழ்ந்தது.

"நிறுத்தாத, படி," என்றாள் பெரியவன் மனைவி. "நாங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

பேக்கரியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி மட்டும், "தம்பி வந்துட்டான்னா நீ ஒரு பத்து நாள் ஓய்வெடுத்துக்கோ," என்றார். டீக்கடைக்காரி கிளாசைக் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தாள். முன்பும் அப்படித்தான் வைப்பாளா என்று பெரியவன் யோசித்துப் பார்த்தான். ஞாபகமில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. இனி எதைப் பார்த்தாலும் இப்படி யோசிக்க வேண்டும்.

விடுதலைக் காகிதம் சிறைக்குப் போய்ச் சேர இன்னும் நாலு நாள் ஆனது. ஒரு காகிதத்தில் அப்பா பெயர் தப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். பெரியவன் நாலு நாளும் நீலச் சட்டையோடு போய் வெளிக்கதவில் நின்றான். ஐந்தாம் நாள் மத்தியானம் சின்னவன் வந்தான். இளைத்திருந்தான். முன்மண்டையில் முடி இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மாற்று உடை, சீப்பு, தீர்ப்பு நகல்.

கட்டிப்பிடிக்கத் தெரிந்தவர்கள் இல்லை இருவரும். "சாப்பிட்டியா?" என்று பெரியவன் கேட்டான். "செங்கல்," என்றான் சின்னவன். இருவரும் சிரித்தார்கள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. சின்னவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். இந்தக் கட்டடம் எப்போ வந்துச்சு, அந்தக் கடை எங்கே போச்சு என்று கேட்டான். பெரியவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அந்தப் புது பேக்கரி இருந்த இடம் வந்தது. இப்போது செருப்புக்கடை. அதைப் பற்றி மட்டும் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

"இருமல் எப்படிடா இருக்கு?"

"உள்ளே போனப்புறம் நின்னுடுச்சு."

"ம்."

பிளாஸ்டிக் பை சின்னவன் மடியில் இருந்தது. நகல் மேலேயே மடித்து வைத்திருந்தது. ஓரமெல்லாம் நைந்திருந்தது, பல தடவை பிரித்துப் படித்த மாதிரி. நாலு நாள் அவனுக்கு வேறு வேலை என்ன?

"அண்ணே."

"சொல்லு."

"அன்னைக்கு நான் போனப்புறம்..." சின்னவன் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ அடுப்புலதானே இருந்தே?"

பெரியவன் திரும்பி அவன் கழுத்தைப் பார்த்தான். காதுக்குப் பின்னால் சிறையில் வெட்டிய முடி ஏறுமாறாக இருந்தது.

"இருந்தேன்டா."

"சரி," என்றான் சின்னவன். கொஞ்ச தூரம் போனதும், "சும்மாதான் கேட்டேன்," என்றான்.

பஸ் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். வீட்டுக்கு இன்னும் ஒன்பது நிறுத்தம் இருந்தது.